50,000 கோடி, 1 லட்சம் கோடி என்கிறார்கள், மாநிலப் பல்கலைக்கழக லேபுக்கு என்ன வரும்?

சோதனைக்குழாய்:

மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேதியியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். கொஞ்ச காலமாகவே உறுத்திக்கொண்டிருக்கும் கேள்வி, விவரம் தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள்.

2023-ல் அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குச் சட்டம் போட்டபோது ஐந்து வருடத்துக்கு 50,000 கோடி ரூபாய் என்றார்கள். நமக்குப் பழக்கமான செர்ப் (மத்திய அரசின் அறிவியல், பொறியியல் ஆராய்ச்சி வாரியம்) அதற்குள் கரைந்துவிட்டது. அப்புறம் 2025-ல் ஆர்.டி.ஐ. (தகவல் உரிமை இல்லை; ஆராய்ச்சி, வளர்ச்சி, புத்தாக்கம்) என்று 1 லட்சம் கோடிக்கு ஒரு திட்டம். இது போதாதென்று குவாண்டம் மிஷன் வேறு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் லேபில் நிலைமை இதுதான்: யு.வி. ஸ்பெக்ட்ரோமீட்டரின் டியூட்டீரியம் விளக்கு ஆயுள் முடிந்து மங்கிவிட்டது, 300 நானோமீட்டருக்குக் கீழே எடுத்தால் வெறும் இரைச்சல்தான் வருகிறது. கருவி வாங்கிய புராஜெக்ட் முடிந்துபோனதால் விளக்கை எந்தச் செலவுத் தலைப்பில் வாங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஸ்காலருக்கு ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) மாதம் 37,000 என்று 2023 ஜனவரியிலிருந்து கணக்கிட்டு உயர்த்தினார்கள், நல்ல விஷயம். ஆனால் புராஜெக்டில் சேர்ந்த பையனுக்குப் பணம் மாதாமாதம் வருவதில்லை, மொத்தமாக எப்போதோ வருகிறது. ஹாஸ்டல் பில் அப்படி வருவதில்லையே.

நாட்டின் ஆராய்ச்சிப் பணத்தைச் சில பெரிய மையங்களில் கொட்டுவது சரியா, இல்லை சின்னச் சின்னதாக நிறைய பேருக்குக் கொடுப்பது சரியா? இது என் முதல் கேள்வி. இரண்டாவது கொஞ்சம் சுயநலம்: என்னைப் போன்றவர்கள் தனியாக புரபோசல் எழுதிக்கொண்டே இருக்கலாமா, இல்லை ஏதாவது பெரிய நிறுவனத்தை மையமாக (ஹப்) ஏற்று அதன் ஸ்போக்காக, அதாவது கிளைப் பங்காளியாகப் போய்ச் சேர்ந்துகொள்வதுதான் இனி வழியா?

பழைய லெட்ஜர்:

மத்திய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றின் நிதிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சார், முதலில் அந்தப் பெரிய எண்களைப் பிரித்துப் பார்த்துவிடுவோம், இல்லாவிட்டால் எல்லா விவாதமும் தடம் மாறிவிடும்.

50,000 கோடி என்பது அரசு ஒதுக்கிவிட்ட பணம் அல்ல. 2023 முதல் 2028 வரை அரசு தருவதாகச் சொன்னது 14,000 கோடி. மீதி 36,000 கோடி தொழில்துறை, பொதுத்துறை நிறுவனங்கள், நன்கொடையாளர்கள் என்று வெளியிலிருந்து வர வேண்டிய தொகை. அது வந்தால்தான் உண்டு. சட்டம் 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறினாலும் நடைமுறைக்கு வந்தது 2024 பிப்ரவரி 5-ம் தேதிதான், ஆட்சிக்குழு முதல்முறை கூடியது அந்த வருட செப்டம்பரில். ஆக முதல் வருட பட்ஜெட்டில் எழுதிய 2,000 கோடியில் பெரும்பகுதி செலவாக வழியே இல்லை. ஆர்.டி.ஐ.யின் 1 லட்சம் கோடி இன்னும் வேறு மாதிரி. அது தனியார் துறை ஆராய்ச்சிக்காக, வட்டி இல்லாமலோ குறைந்த வட்டியிலோ நீண்ட காலத்துக்குத் தரும் கடனும் முதலீடும். கொஞ்சம் முதிர்ந்த தொழில்நுட்பத்துக்குத்தான் அது. உங்கள் ஸ்பெக்ட்ரோமீட்டர் விளக்குக்கு அங்கே இடம் இல்லை.

நாடு முழுக்க 2020-21-ல் ஆராய்ச்சிக்குச் செலவானது ஏறக்குறைய 1.27 லட்சம் கோடி, அதாவது மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம். 2013-ம் வருட அறிவியல் கொள்கையிலேயே 2 சதவீதம் என்று இலக்கு எழுதியாயிற்று. அந்த 1.27 லட்சம் கோடியில் உயர்கல்வி நிறுவனங்களின் பங்கு 8.8 சதவீதம். மத்திய அரசின் பெரிய அறிவியல் அமைப்புகள் செலவழிப்பதைத் தனியாக எடுத்தால் டி.ஆர்.டி.ஓ. 30 சதவீதத்துக்கு மேல், விண்வெளித் துறை 18 சதவீதத்துக்கு மேல். அந்த வேலைகள் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. பல்கலைக்கழகங்கள் எந்த அளவில் பிழைக்கின்றன என்று புரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன்.

இனி தாமதத்துக்கு வருகிறேன். எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. முன்பெல்லாம் புராஜெக்ட் பணம் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும், அடுத்த தவணை தாமதமானாலும் கையிருப்பை வைத்துச் சமாளிப்போம். இப்போதைய கருவூல ஒற்றைக் கணக்கு முறையில் பணம் அரசிடமே இருக்கும், நிறுவனத்துக்கு எடுத்துக்கொள்ளும் வரம்பு மட்டும்தான் தருவார்கள். மார்ச் 31-ம் தேதியோடு அந்த வரம்பு காலாவதி. ஏப்ரலில் புதிதாக வரம்பு போட வேண்டும், அதற்கு முன் யூ.சி. (பணத்தைப் பயன்படுத்தியதற்கான சான்றிதழ்), செலவு அறிக்கை, மீதிக் கணக்கு எல்லாம் போய்ச் சேர வேண்டும், யாரோ சரிபார்க்க வேண்டும். வங்கிகளில் சும்மா கிடக்கும் பணத்துக்கு அரசு வெளியே வட்டி கட்டிக் கடன் வாங்க வேண்டாமே என்பது இதன் நோக்கம், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சாலை போடும் திட்டத்துக்கும் மூன்று வருட ஆய்வுக்கும் ஒரே நிதியாண்டுக் கடிகாரத்தை மாட்டினால் ஏப்ரல், மே, ஜூனில் ஸ்காலர்கள்தான் கஷ்டப்படுவார்கள். எங்கே பணம் போக வேண்டும் என்று மட்டும் பேசுகிறோம். எப்போது போய்ச் சேர வேண்டும் என்பதும் உத்தியில் ஒரு பாதி. அதை யாரும் கொள்கை என்றே நினைப்பதில்லை.

மில்லிகெல்வின்:

நான் எதிர்ப்பக்கம் பேசப் போகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

குவாண்டம் கணினிக்கான சூப்பர்கண்டக்டிங் க்யூபிட் லேபில் வேலை செய்கிறேன். எங்களுக்கு டைல்யூஷன் ரெஃப்ரிஜரேட்டர், அதாவது மில்லிகெல்வின் அளவுக்கு, கிட்டத்தட்ட பூஜ்ய கெல்வின் வரை குளிர்விக்கும் கருவி, இல்லாமல் எதுவுமே நடக்காது. ஒன்றின் விலை கோடிகளில், அதோடு ஹீலியம்-3 வேண்டும், மின்சாரம் நிற்கக்கூடாது, அதைப் பார்த்துக்கொள்ள அனுபவமுள்ள ஆள் வேண்டும். நூறு பேருக்கு முப்பது முப்பது லட்சமாகக் கொடுத்தால் நூறு பேரும் சாதாரணக் கருவி ஒன்று வாங்குவார்கள், ஒருவராலும் மில்லிகெல்வினுக்குப் போக முடியாது. தேசிய குவாண்டம் மிஷனுக்கு 2031 வரை 6,003.65 கோடி என்று ஒதுக்கி, ஐ.ஐ.எஸ்.ஸி., ஐ.ஐ.டி. சென்னை, மும்பை, டெல்லி என்று நான்கு இடங்களில் தலைப்பு பிரித்து மையம் வைத்தார்களே, அது சரியான முடிவு என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் என்ற பழக்கத்தால்தான் பல துறைகளில் நாம் எப்போதும் பத்து வருடம் பின்தங்கியே இருந்தோம்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் லேபில் இருக்கிற நல்ல ஸ்காலர்களில் பாதிப் பேருக்கு மேல் மாநிலப் பல்கலைக்கழகங்களிலிருந்தும் சின்னக் கல்லூரிகளிலிருந்தும் வந்தவர்கள். அங்கே எம்.எஸ்ஸி.யில் ஒரு கருவியைக் கழற்றி மாட்டிப் பார்த்தவருக்கும் சிலபஸில் படம் பார்த்து வந்தவருக்கும் முதல் மாதத்திலேயே வித்தியாசம் தெரியும். அந்த லேப்கள் மூடினால் ஐந்து வருடம் கழித்து எங்கள் ரெஃப்ரிஜரேட்டரை ஓட்ட ஆள் இருக்காது. அதனால் இரண்டில் ஒன்று என்று கேட்காதீர்கள். பெரிய கருவியைச் சில இடங்களில் வைத்து, வெளியாட்கள் உண்மையிலேயே நேரம் ஒதுக்கிக்கொண்டு பயன்படுத்தும்படி செய்ய வேண்டும். இப்போது காகிதத்தில் எல்லாக் கருவியும் பொதுக் கருவிதான். போன் போட்டுக் கேட்டால் ஸ்லாட் இல்லை என்பார்கள், இல்லை ஆபரேட்டர் லீவு என்பார்கள். கருவிக்குப் பணம் தருகிறார்கள், அதை இயக்கும் டெக்னீஷியனுக்கு நிரந்தர வேலை தருவதில்லை. ஓட்டுநர் இல்லாமல் பஸ் வாங்கி நிறுத்துவது போலத்தான் இது.

சோதனைக்குழாய்:

இரண்டு பேருக்கும் நன்றி. லெட்ஜர் ஐயா, 14,000 கோடிக்கும் 50,000 கோடிக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு இன்றுதான் தெளிவாகப் புரிந்தது. டெக்னீஷியன் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் துறையில் என்.எம்.ஆர். (மூலக்கூறு அமைப்பைக் கண்டறியும் கருவி) பார்த்துக்கொண்டிருந்தவர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடம் நிரப்பப்படவே இல்லை. அப்படியானால் தொழில்துறையிலிருந்து வரும் என்று எழுதியிருக்கிற 36,000 கோடி உண்மையில் வருமா?

லேத்பட்டறை:

அதற்கு நான் பதில் சொல்கிறேன். பம்பு, வால்வு செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் ஆர் அண்ட் டி பார்க்கிறேன்.

கம்பெனிகள் ஆராய்ச்சிக்குச் செலவழிக்கும் தொகைக்கு வருமான வரிச் சட்டம் 35(2ஏபி) பிரிவில் 200 சதவீதம் கழிவு இருந்தது. ஒரு ரூபாய் செலவழித்தால் இரண்டு ரூபாயை வருமானத்திலிருந்து கழித்துக் காட்டலாம். 2017 ஏப்ரலில் அது 150 ஆயிற்று, 2020 ஏப்ரலில் 100 ஆயிற்று. அதாவது சலுகை போய்விட்டது. அதே காலத்தில் கார்ப்பரேட் வரியையும் குறைத்தார்கள், கணக்கு சமன் என்று நிதி அமைச்சகம் நினைத்திருக்கலாம். ஆனால் கம்பெனிக்குள் என்ன நடக்கும் என்றால், சலுகை இருந்தவரை ஆர் அண்ட் டி பட்ஜெட் கேட்டு நான் எம்.டி.யிடம் போகும்போது நிதி மேலாளர் என் பக்கம் நிற்பார், இப்போது எதிர்ப்பக்கம் நிற்கிறார். நாட்டின் ஆராய்ச்சிச் செலவில் தனியார் பங்கு 36 சதவீதம் சொச்சம்தான். தென் கொரியாவில் இது முக்கால் பங்குக்கும் மேல்.

கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய சி.எஸ்.ஆர். பணத்தைப் பொதுப் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குத் தரலாம் என்று 2019-லேயே விதி வந்துவிட்டது. ஆனால் சி.எஸ்.ஆர். கமிட்டியில் பள்ளிக் கழிப்பறையும் மருத்துவ முகாமும் ஒரு பக்கம், பாலிமர் ஆய்வு ஒரு பக்கம் என்று வைத்தால் எதற்குக் கை தூக்குவார்கள்? கழிப்பறை வேண்டாம் என்று நானே சொல்ல மாட்டேன். அதனால் 36,000 கோடி தானாக வந்து சேராது. எங்களைப் போன்ற நிறுவனங்களுக்குத் தேவை, பக்கத்தில் இருக்கிற பல்கலைக்கழகத்தோடு சின்னதாக ஒரு பிரச்சினையைத் தீர்க்க எளிதான ஒப்பந்தம். வால்வு சீட்டில் ஏன் குழி விழுகிறது என்று பார்க்க ஒரு எஸ்.இ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படமும் அதைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆசிரியரும் போதும். காப்புரிமை யாருக்கு என்று பல்கலைக்கழக அலுவலகத்தில் முடிவாவதற்குள் நாங்கள் வெளியே தனியார் லேபில் கொடுத்து வேலையை முடித்திருப்போம். அந்தப் பணம் உங்கள் துறைக்கு வந்திருக்கலாம்.

சார்பு எண்:

கணிதக்காரி. கருவி, டெக்னீஷியன் என்று எதுவும் எனக்கு வேண்டாம், ஆனாலும் இந்த விவாதத்தில் சொல்ல ஒன்று இருக்கிறது.

செர்ப் நடத்திய திட்டங்களில் எனக்கு மிகவும் பிடித்தது மேட்ரிக்ஸ். வருடத்துக்கு 2 லட்சம், மூன்று வருடம், அவ்வளவுதான். கணிதம், கோட்பாட்டு இயற்பியல் மாதிரி துறைகளுக்கு. ஒரு மடிக்கணினி, இரண்டு பயணம், யாரையாவது ஒரு வாரம் அழைத்துப் பேச வைப்பது, புத்தகம், இதற்குப் போதுமானது. தொகை சின்னது என்பதால் விண்ணப்பமும் சின்னது, மதிப்பீடு செய்பவருக்கும் சுமை இல்லை. சோதனை அறிவியலுக்கும் இந்த மாதிரி ஒன்று ஏன் கூடாது? பி.எச்டி. வழிகாட்டத் தகுதியுள்ள, கடந்த சில வருடங்களில் வேலை செய்திருக்கிறார் என்று காட்டக்கூடிய ஒவ்வொரு ஆசிரியருக்கும், பெரிய போட்டி வைக்காமல், ஐந்து வருடத்துக்குச் சின்ன நிலையான தொகை. கன்சியூமபிள்ஸ் (ரசாயனம் மாதிரி தீர்ந்துபோகும் பொருட்கள்), பழுது, விளக்கு, இதற்கெல்லாம். பெரிய கருவிக்கும் ஆட்களுக்கும் தனியாகப் போட்டி போடட்டும். இப்போது ஒரு அழைப்பு வந்தால் ஆயிரக்கணக்கான பேர் விண்ணப்பிக்கிறோம், பெரும்பாலானவர்களுக்குக் கிடைப்பதில்லை. அந்த விண்ணப்பங்களை எழுதிய நேரம், படித்த நேரம் எல்லாம் ஆராய்ச்சி நேரம்தானே? யார் அதைக் கணக்கில் வைக்கிறார்கள்?

இன்னொன்று, எல்லாவற்றையும் டெல்லியிடமே கேட்கிறோம். மொத்தச் செலவில் மாநில அரசுகளின் பங்கு 7 சதவீதம்கூட இல்லை. மாநிலப் பல்கலைக்கழகத்தின் காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டியது மாநில அரசு. எந்தத் தேசிய உத்தியும் அதை ஈடுகட்ட முடியாது. பாதி ஆசிரியர் பணியிடம் காலியாக இருக்கும் துறையில் இருப்பவர்கள் வாரத்துக்கு இருபது மணி நேரம் பாடம் எடுத்துவிட்டு எப்போது ஆய்வு செய்வார்கள்?

பழைய லெட்ஜர்:

அம்மா சொன்ன நிலையான தொகை யோசனை நிதிப் பார்வையிலும் நல்லது. ஐந்து வருடம் என்று முன்கூட்டியே தெரிந்தால் வரம்பு போடுவதும் எளிது.

சோதனைக்குழாய் சார், உங்கள் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. என் அனுபவத்தில் இரண்டையும் செய்யுங்கள், ஆனால் வரிசை முக்கியம். ஸ்போக்காகச் சேரும் முன், ஒப்பந்தத்தில் உங்கள் பங்குப் பணம் நேரடியாக உங்கள் நிறுவனத்துக்கு வருமா, இல்லை ஹப் வழியாக வருமா என்று பாருங்கள். ஹப் வழியாக என்றால் அவர்கள் யூ.சி. தாமதமானால் உங்களுக்கும் நிற்கும். கருவி யார் பெயரில் சொத்துப் பதிவேட்டில் ஏறும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். புரபோசலில் கருவி கேட்கும்போதே நீட்டித்த வாரன்டியையும் விளக்கு மாதிரி தேய்ந்துபோகும் பாகங்களையும் கருவியின் விலைக்குள்ளேயே சேர்த்துக் கோட்டேஷன் வாங்குங்கள், புராஜெக்ட் முடிந்த பிறகு ஏ.எம்.சி.க்கு (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) பணம் தேடுவதைவிட அது பல மடங்கு சுலபம்.

கொள்முதல் பற்றியும் ஒரு வார்த்தை. 2025 ஜூனில் மத்திய அரசு விதியைத் தளர்த்தி, அறிவியல் நிறுவனங்கள் கோட்டேஷன் இல்லாமல் வாங்கும் வரம்பை 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாக்கியது, கமிட்டி வழியாக வாங்குவதை 25 லட்சம் வரை உயர்த்தியது, அரசின் இணையக் கொள்முதல் தளமான ஜெம் போர்ட்டலுக்கு வெளியே ஆய்வுக் கருவி வாங்க இயக்குநருக்கும் துணைவேந்தருக்கும் அதிகாரம் கொடுத்தது. ஆனால் தமிழ்நாட்டில் மாநிலப் பல்கலைக்கழகங்கள் 1998-ம் வருட டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தையும் பார்க்க வேண்டும், அதனால் அந்தத் தளர்வு தானாக உங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். மத்திய நிதியில் வாங்கும் கருவிக்கு எந்த விதி என்று சிண்டிகேட் (பல்கலைக்கழக ஆட்சிக்குழு) தீர்மானம் ஏதாவது இருக்கிறதா என உங்கள் நிதி அலுவலரிடம் கேளுங்கள், இல்லையென்றால் நீங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று போடச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

விளக்குக்கு உடனடி வழி, துறையில் நடக்கும் வேறு யாராவது ஒருவரின் புராஜெக்டில் கன்சியூமபிள்ஸ் தலைப்பு இருந்தால், அவர் மாணவர்களும் அந்தக் கருவியைப் பயன்படுத்துகிறார்கள் என்று துறைத் தலைவர் குறிப்பு எழுதி அதில் வாங்கலாம். அவர்கள் உண்மையில் பயன்படுத்தவும் வேண்டும், ஆடிட்டில் லாக்புக்கைக் கேட்பார்கள்.

சோதனைக்குழாய்:

லாக்புக் இருக்கிறது ஐயா, இரண்டு துறைகளின் மாணவர்கள் கையெழுத்து போட்டிருக்கிறார்கள். பக்கத்து லேப் மேடத்திடம் நாளைக்கே பேசுகிறேன். லேத்பட்டறை சார், எங்களிடம் எஸ்.இ.எம். ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த வால்வு சீட்டுப் பிரச்சினை இன்னும் தீரவில்லை என்றால் தனிச் செய்தி அனுப்புங்கள்.