மறு: ரெஸ்டோர், ரெக்கவரி இரண்டுக்கும் "மீட்பு" போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். தரவுத்தள நிர்வாகச் சொற்பட்டியலில் ரெஸ்டோர், ரெக்கவரி இரண்டுக்கும் நேராக "மீட்பு" என்றே இருக்கிறது. மற்ற சொற்களில் பெரும்பாலானவை எனக்குச் சம்மதம். இதை மட்டும் முடிவாக்கும் முன் கொஞ்சம் நிறுத்திவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நீளமான மடல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பேச்சில் இரண்டையும் யாரும் பிரிப்பதில்லை. ஆங்கிலத்திலேயே குழப்பம்தான். தமிழில் ஒரு சொல் போதுமே?

ஆங்கிலத்தில் குழப்பம் உண்டு, மறுக்கவில்லை. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் லாக் கோப்பை (தரவில் நடந்த மாற்றங்களை வரிசையாகப் பதிந்துவைப்பது) எடுத்துவரும் அமைப்புக்கு ரெஸ்டோர் கமாண்ட் என்று பெயர். எஸ்கியூஎல் சர்வர் என்ற இன்னொரு மென்பொருளில் லாக்கைச் செலுத்துவதும் ரெஸ்டோர் லாக்தான். ஆனால் அந்தக் குழப்பத்தை நாம் ஏன் சீதனமாக வாங்கிக்கொள்ள வேண்டும்?

வேலை இரண்டு. காப்பு நகலில் இருக்கும் கோப்புகளை எடுத்து வட்டில் அதனதன் இடத்தில் வைப்பது ஒன்று, அது ரெஸ்டோர். ஞாயிறு இரவு எடுத்த நகல் என்றால் அப்போது கையில் இருப்பது ஞாயிறு இரவுத் தரவு மட்டுமே. புதன் மதியம் வட்டு போனது என்றால், இடையில் நடந்த பரிவர்த்தனைகள் எல்லாம் லாக் கோப்புகளில் கிடக்கின்றன. அவற்றை வரிசை பிசகாமல் அந்த நகலின் மேல் செலுத்திக்கொண்டு வருவது இரண்டாவது வேலை, அது ரெக்கவரி. ஆரக்கிளில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளை. முதலாவதை மட்டும் கொடுத்துவிட்டுத் தளத்தைத் திறக்கப் போனால், "ஓஆர்ஏ-01113, இந்தக் கோப்புக்கு மீடியா ரெக்கவரி தேவை" என்று சொல்லிவிடும். நம் பட்டியல்படி இதைத் தமிழாக்கினால் "மீட்ட கோப்புக்கு மீட்பு தேவை" என்று வரும். படிக்கிற மாணவர் என்ன செய்வார்?

எஸ்கியூஎல் சர்வரில் இது இன்னும் மோசம். முழு நகலை நோரெக்கவரி (இன்னும் லாக் வரும், திறக்காதே) என்று சொல்லி ஏற்றினால், தளத்தின் பெயருக்குப் பக்கத்தில் "ரெஸ்டோரிங்" என்று காட்டிக்கொண்டே இருக்கும். அது வேலை செய்துகொண்டிருக்கவில்லை. அடுத்த லாக் நகலைக் கொடு என்று காத்திருக்கிறது. ஓர் அலுவலகத்தில் பணிக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் அந்தத் திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், "அண்ணே, தொங்கிப்போச்சு போல" என்று இணையத்தில் தேடி, வித் ரெக்கவரி என்ற ஒற்றை வரியை ஓட்டிவிட்டார். தளம் உடனே திறந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். லாக் நகல்களைச் செலுத்தப் போனபோதுதான் 3117 என்ற பிழை வந்தது: முன்னோக்கி நகர்த்தத் தயாராக எந்தக் கோப்பும் இல்லை. ஒரு முறை திறந்துவிட்ட தளத்தின் மேல் மேற்கொண்டு லாக்கைச் செலுத்த முடியாது. முழு நகலிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. தம்பிக்கு அறிவுக்குறை இல்லை. நடப்பது இரண்டு கட்டம் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

> ரெஸ்டோருக்கு "மீட்டமை" என்று வைத்தால் தீர்ந்தது.

தயவுசெய்து வேண்டாம். கையிலுள்ள ஆண்ட்ராய்டு கைபேசியின் மொழியைத் தமிழாக்கிப் பாருங்கள். ரீசெட்டுக்குத்தான் அங்கே "மீட்டமை". அதை அழுத்தி உறுதிசெய்தால் தரவு திரும்பி வராது, இருப்பதும் போகும். ஒரே சொல் ஓரிடத்தில் அழிக்கவும் இன்னோரிடத்தில் திரும்பக் கொண்டுவரவும் பயன்பட்டால், நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தோடு செய்முறைக் குறிப்பைப் படிப்பவருக்கு ஆபத்து. "மறுசீரமைப்பு" சாலைக்கும் வாரியத்துக்கும் போய்விட்டது. "மீளேற்றம்" பரவாயில்லை, ஆனால் வலைப்பக்கத்தை ரீலோடு செய்வதற்கு அதை ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள்.

என் முன்மொழிவு: ரெஸ்டோர் = நகலேற்றம், வினை நகலேற்று. என்ன நடக்கிறதோ அதை அப்படியே சொல்கிறது. "நகல் ஏத்தியாச்சா?" "ஏத்திட்டேன், லாக் பாக்கி." தொலைபேசியில் இப்படிப் பேச முடிகிற சொல்தான் நிற்கும் என்பது என் கட்சி.

ரெக்கவரிக்கு வருவோம். இங்கே புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். மேல்நிலைப் பள்ளியில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். நடவடிக்கைகளைத் தேதி வாரியாக முதலில் குறிப்பேட்டில் பதிவோம். அங்கிருந்து பேரேட்டில் அந்தந்தக் கணக்குக்குக் கொண்டுபோவோம். அந்தச் செயலுக்கு எடுத்தெழுதுதல் என்று பெயர். தரவுத்தளமும் இதையேதான் செய்கிறது. மாற்றம் முதலில் லாக்கில் பதிவாகிறது. அட்டவணைக் கோப்பில் பிறகுதான் போய்ச் சேர்கிறது. போஸ்ட்கிரெஸ்காரர்கள் வால் (ரைட்-அஹெட் லாக் என்பதன் சுருக்கம்) என்று அழைப்பது இந்த "முதலில் எழுது" முறையைத்தான். பேரேடு எரிந்துபோனாலும், பழைய பேரேட்டின் படியும் அதற்குப் பிந்தைய குறிப்பேடுகளும் இருந்தால் கணக்கை முழுசாக எழுதிவிடலாம். ஆகவே லாக்குக்குக் குறிப்பேடு. அதை நகலின் மேல் செலுத்துவது எடுத்தெழுதல். இரண்டும் சேர்ந்த முழு வேலைக்கு "மீட்பு" இருக்கட்டும், நல்ல சொல்.

மைஎஸ்கியூஎல்லில் டம்ப் கோப்பை (அங்கே எடுக்கும் நகல்) ஏற்றிவிட்டு பின்லாக்கை (அதன் லாக்) குறிப்பிட்ட மணி வரை ஓட்டுகிறோமே, அங்கேயும் இது அச்சாகப் பொருந்தும். யாரோ 3 மணி 12 நிமிடத்துக்கு ஓர் அட்டவணையைத் துடைத்துவிட்டார் என்றால் 3 மணி 11 நிமிடம் வரை எடுத்தெழுதி நிறுத்த வேண்டும். அதற்குக் "குறித்தநேர மீட்பு" என்று பட்டியலில் ஏற்கெனவே இருப்பது சரியே.

> ரெக்கவரியில் லாக்கைச் செலுத்துவது பாதிதான். முடிவுறாத பரிவர்த்தனைகளைத் திருப்புவதும் உண்டு. எடுத்தெழுதல் அதைச் சொல்லவில்லையே?

நியாயமான கேள்வி. ஆரக்கிளும் எஸ்கியூஎல் சர்வரும் முதலில் எல்லாவற்றையும் முன்னோக்கிச் செலுத்திவிட்டு, கமிட் ஆகாதவற்றைப் பின்னர் திருப்புகின்றன. போஸ்ட்கிரெஸ் திருப்புவதில்லை. முடியாத பரிவர்த்தனையின் வரிகள் கோப்பிலேயே கிடக்கும், யார் கண்ணுக்கும் தெரியாது. பிறகு வேக்கம் என்ற துப்புரவு வேலை வந்து கூட்டித் தள்ளும். ஆக எல்லா மென்பொருளுக்கும் பொதுவான கட்டம் எடுத்தெழுதல் ஒன்றுதான். திருப்புவதற்குப் பட்டியலில் உள்ள "பின்வாங்கல்" இருக்கவே இருக்கிறது. எடுத்தெழுதல் ரீடூவுக்கு (முன்னோக்கிச் செலுத்துவதற்கு) மட்டும் என்று ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடலாம்.

> ரெப்ளிகா இருக்கும்போது இந்த நகல் கதையெல்லாம் எதற்கு?

இதை எழுதியவர் மேல் கோபமில்லை, மேலாளர்களும் இதையேதான் கேட்கிறார்கள். ரெப்ளிகா என்பது முதன்மைத் தளத்தின் மாற்றங்களை உடனுக்குடன் வாங்கிக்கொண்டு ஓடும் இன்னொரு தளம். முதன்மைத் தளத்தில் ஒருவர் அட்டவணையை அழித்தால் கண்மூடித் திறப்பதற்குள் ரெப்ளிகாவிலும் அழியும். அது இயந்திரம் படுத்தால் கைகொடுக்கும், மனிதன் தவறினால் கைகொடுக்காது. ரெப்ளிகாவை "நகல்" என்று எழுதுவதாலும் இந்த மயக்கம் கூடுகிறது. அதைத் துணைத்தளம் என்று எழுதுவோம். "இணைத்தளம்" என்ற முன்மொழிவில் ஓர் எழுத்து கூடினால் இணையத்தளம் ஆகிவிடும். அச்சுப்பிழை பார்க்கிறவர் பாவம்.

நான் சொல்லும் வேறுபாடு வெறும் சொல்லாட்டம் இல்லை என்பதற்கு நிரல்களைச் சேமித்துவைக்கும் இணையச் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனம் தானே வெளியிட்ட அறிக்கை போதும். 2017 ஜனவரி 31 இரவு. துணைத்தளம் முதன்மையோடு ஒத்து ஓடாமல் பின்தங்கிவிட்டது. அதன் கோப்பகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கலாம் என்று பொறியாளர் கட்டளை கொடுத்தார். கொடுத்தது முதன்மைத் தளத்தில். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினார், ஆனால் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. சரி, நகலேற்றலாம் என்று பார்த்தால் நகல் இல்லை. தளம் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பு, டம்ப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு; எனவே ஒவ்வொரு முறையும் பிழையோடு நின்றிருக்கிறது. அதைச் சொல்ல அனுப்பப்பட்ட மின்னஞ்சல்கள் டிமார்க் (மடலை அனுப்பியவர் உண்மையானவரா என்று சரிபார்க்கும் முறை) அமைப்பு இல்லாததால் பெறும் முனையிலேயே தள்ளுபடி. வேறொரு சோதனைக்காக 6 மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்துவைத்த வட்டுப்படி ஒன்றுதான் காப்பாற்றியது.

இப்போது நம் சொற்களை வைத்துப் பாருங்கள். நகலேற்றம் நடந்தது, மெதுவான வட்டுகளிலிருந்து கோப்புகள் வந்துசேரவே நெடுநேரம் ஆனது, தளம் திரும்ப ஏறத்தாழ 18 மணி நேரம். ஆனால் குறிப்பேடுகளைத் தனியே சேமித்துவைக்கும் ஏற்பாடு அங்கே இல்லை. எடுத்தெழுத எதுவும் இல்லாததால் அந்த 6 மணி நேரத் தரவு போனது போனதுதான். மீட்பு என்ற ஒரே சொல்லில் சொன்னால் இந்த இடம் தெரியவே தெரியாது. (தவறியவர் பெயரைக் காட்டிக்கொடுக்காமல், மீட்பு வேலையை நேரலையாகவே காட்டினார்கள். அந்தப் பெருந்தன்மை எல்லா அலுவலகத்துக்கும் வராது.)

அறிக்கையைப் படித்ததிலிருந்து எங்கள் பணிக்குறிப்பில் சேர்த்த இரண்டு விஷயங்களை, பட்டியலின் எடுத்துக்காட்டு வாக்கியங்களாகவும் வைக்கலாம் என்பதால் சொல்கிறேன். கோப்பகத்தை அழிக்காதே, பெயரை மாற்று. இடம் தேவைப்பட்டால் மறுநாள் அழித்துக்கொள்ளலாம். முதன்மைத் தளத்தின் முனையத்துக்குச் சிவப்புப் பின்னணி.

இன்னொன்று ரெஸ்டோர் டிரில். "மீளமைவுப் பயிற்சி" என்று பட்டியலில் கண்டேன். "மீட்பு ஒத்திகை" என்றாலே எல்லோருக்கும் புரியும். தீயணைப்புத் துறையும் பேரிடர்ப் படையும் அந்தச் சொல்லைப் பழக்கப்படுத்தி வைத்திருக்கின்றன. காப்பு வேலை "வெற்றி" என்று பச்சை நிறத்தில் காட்டுவதை ஒத்திகையாக யாரும் கணக்கில் எடுக்கக் கூடாது. தனி இயந்திரத்தில் நகலேற்றி, குறிப்பேட்டை ஒரு குறித்த நேரம் வரை எடுத்தெழுதி, தளத்தைத் திறந்து, கடைசி விற்பனை வரியின் தேதியைக் கண்ணால் பார்த்தால்தான் ஒத்திகை. நகலை எடுக்க ஏற்பாடு செய்தவர் இதைச் செய்யக் கூடாது என்பது என் பிடிவாதம். செய்முறைக் குறிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேறொருவர் செய்ய வேண்டும். கடவுச்சொல் எங்கே, குறியாக்கச் சாவி யாரிடம் என்பதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். சாவியும் அதே வட்டில் இருந்து அதோடு போயிருந்தால் நகல் இருந்தும் பயனில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆன நேரத்தைத் தனித்தனியாகக் குறித்துவைக்கச் சொல்லுங்கள். நகலேற்றம் வட்டின் வேகத்தைப் பொறுத்தது. எடுத்தெழுதல் கடைசி நகலுக்குப் பின் எவ்வளவு குறிப்பேடு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. நேரம் குறைய வேண்டுமானால் முதலாவதற்கு வேகமான வட்டு, இரண்டாவதற்கு அடிக்கடி முழு நகல். மருந்து வேறு வேறு.

ஆர்பிஓ, ஆர்டிஓ இரண்டையும் இந்த இழைக்குள் இழுக்க வேண்டாம் என்று பார்க்கிறேன். "எவ்வளவு போகும்?", "எப்போ வரும்?" என்று மேலாளர் கேட்கும் இரண்டு கேள்விகள்தான் அவை. "இழப்பு வரம்பு", "மீட்பு நேர வரம்பு" என்று எழுதிப் பார்த்தேன், இரண்டாவது நாக்கில் ஏறவில்லை. யாரிடமாவது இதைவிடச் சின்னதாக ஒன்று இருந்தால் தனி மடலாகத் தொடங்குங்கள்.

அன்புடன்,
இரவுப் பணி நிர்வாகி ஒருவன்