டிஎஸ்ஹெச் நார்மல், ஆன்டிபாடி மட்டும் எகிறியிருக்கிறது: உங்களுக்கு என்ன நடந்தது?

நீலப்பேனா:
போன மாதம் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. முடி கொட்டுகிறது என்று டெஸ்ட் எடுத்தேன். டிஎஸ்ஹெச் (தைராய்டை வேலை செய்யச் சொல்லும் ஹார்மோன், சுரப்பி சோர்ந்தால் இது ஏறும்) 3.8, நார்மல். ஆன்டி-டிபிஓ என்ற தைராய்டு ஆன்டிபாடிக்கான கட்டத்தில் சரியான எண்ணே இல்லை. '1300-க்கு மேல்' என்று அச்சடித்து, பக்கத்தில் மேல் நோக்கி ஒரு அம்புக்குறி. இருக்க வேண்டியது 60-க்குள் என்று அதே வரியில் போட்டிருந்தது. மிஷினால் அதற்கு மேல் அளக்க முடியவில்லையாம்.

டாக்டர் என் கையிலிருந்த பேனாவை வாங்கி டிஎஸ்ஹெச்சைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "நான் பார்ப்பது இதைத்தான்." நான் கீழே இருந்த 1300-ஐத் தொட்டுக் காட்டினேன். "அடிக்கிற ஆள் வேறம்மா. இது பக்கத்தில் நின்று கத்துகிற ஆள்" என்றார். இது ஹாஷிமோட்டோவாம், நம் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய். தைராய்டு செல்களைக் கொல்வது பெரும்பாலும் டி-செல் என்கிற வெள்ளை அணுக்கள்தானாம். செல் உடையும்போது உள்ளே இருக்கும் டிபிஓ என்ற புரதம் வெளியே வர, அதற்கு எதிராகத்தான் இந்த ஆன்டிபாடி கூடுகிறதாம். மாத்திரை வேண்டாம், ஒரு வருடம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

சரி என்று எழுந்து வந்துவிட்டேன். படியிறங்கும்போதுதான் உறைத்தது: சத்தமே இவ்வளவு என்றால் அடி எவ்வளவு விழுந்திருக்கும்? திரும்பிப் போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தது. அதனால் இங்கே கேட்கிறேன்.

அரைத்தூக்கம்:
நீலப்பேனா, உங்கள் டாக்டர் டிபிஓ பற்றிச் சொன்னது சரியாக இருக்கலாம். ஆனால் ஆன்டிபாடி என்றாலே வெறும் கூச்சல்தான் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்கு எரிச்சலே வருகிறது.

எனக்கு ஆறு வருடமாகத் தைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) 100 மைக்ரோகிராம். கர்ப்பகாலம் முழுக்க டிஎஸ்ஹெச் அளவுக்குள்தான் இருந்தது. குழந்தை பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஒன்பதாம் நாள் போன் வந்தது, குழந்தையின் டிஎஸ்ஹெச் மிக அதிகம் என்று. அப்போதுதான் எனக்குச் சில விஷயங்கள் பொருந்தின. பால் குடிக்க எழுப்ப வேண்டியிருந்தது, மஞ்சள் காமாலை வடியவே இல்லை. நான் 'சமத்துக் குழந்தை' என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஸ்கேனில் சுரப்பி அதன் இடத்தில், அதன் அளவில் இருந்தது. குழந்தை மருத்துவர் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "உங்கள் ரத்தம் கொஞ்சம் வேண்டும்" என்றார். குழந்தைக்குத்தானே பிரச்சினை, என் ரத்தம் எதற்கு? கேட்கக்கூட வாய் வரவில்லை. கையை நீட்டினேன்.

என்னிடம் இருந்தது டிஎஸ்ஹெச் ஏற்பியை அடைக்கிற ஆன்டிபாடி. ஏற்பியில் துண்டு போட்டு இடம் பிடித்துவிடும். டிஎஸ்ஹெச் எவ்வளவு வந்தாலும் உட்கார இடமில்லை, சுரப்பிக்கு 'வேலை செய்' என்ற உத்தரவு போகாது. அதுதான் நஞ்சுக்கொடி வழியாக அவளுக்குள் போயிருக்கிறது. அவளுடைய சுரப்பியில் ஒரு குறையும் இல்லை. மாத்திரையை ஸ்பூனில் நசுக்கி, தாய்ப்பாலில் கரைத்து, நடுங்கும் கையோடு ஊட்டிய முதல் நாளை என்னால் மறக்க முடியாது.

கம்பளிச்சட்டை:
எனக்கு எல்லாமே தலைகீழாக ஆரம்பித்தது. முதலில் இளைத்தேன். இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ. என்ன டயட் என்று கேட்டார்கள், நானும் ஏதோ சாதித்த மாதிரி சிரித்துக்கொண்டேன். ராத்திரி படுத்தால் நெஞ்சு படபடவென்று காதில் கேட்கும். அப்புறம் அதுவாகவே அடங்கியது. அடங்கியது நிற்கவில்லை, இறங்கிக்கொண்டே போனது. மலச்சிக்கல், வறண்ட தோல், எல்லோரும் மின்விசிறி போடும்போது எனக்கு மட்டும் கம்பளிச்சட்டை.

ஒருநாள் அம்மாவுக்குப் போன் செய்து "அம்மா" என்றேன். "யார் பேசறது?" என்றார். விளையாடுகிறார் என்று நினைத்து மறுபடி "அம்மா, நான்தான்" என்றேன். "தம்பி, யார் வேணும் உங்களுக்கு?" குரல் அவ்வளவு தடித்துப்போயிருந்தது. வைத்துவிட்டு நேராக டெஸ்ட்டுக்குப் போனேன். டிஎஸ்ஹெச் 74.

தைராய்டு இரண்டு மூன்று மாதத்துக்கான ஹார்மோனைச் சேர்த்து வைத்திருக்குமாம். செல்கள் இடிகிறபோது அந்தச் சேமிப்பு ரத்தத்தில் கொட்டியதைத்தான் நான் டயட் என்று நம்பியிருக்கிறேன். 'இது பெண்களுக்குத்தானே வரும்' என்று சொன்னவர்கள் இரண்டு பேர், அதில் ஒருவர் மருந்துக்கடைக்காரர். பெண்களுக்குப் பல மடங்கு அதிகம், உண்மை. அதற்காக நமக்கு வராது என்று யார் சொன்னது?

பழையசீட்டு:
எனக்குப் பன்னிரண்டு வருடமாக இருக்கிறது, பிரசவத்துக்குப் பிறகு வந்தது, சொல்ல அதிகம் இல்லை. யாரும் கேட்கவில்லை என்றாலும் சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறீர்கள்.

மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரை இருந்தால் நான்கு மணி நேர இடைவெளி. அளவு மாற்றினால் மறு டெஸ்ட் 6 முதல் 8 வாரம் கழித்து. தைராக்சின் பாதி குறையவே ஒரு வாரம் ஆகும், அதற்குள் பத்து நாளில் ஓடிப் போய் ரத்தம் கொடுத்து 'இறங்கவே இல்லை' என்று அழாதீர்கள். முடிக்காக பயோட்டின் சாப்பிடுபவர்கள் (நீலப்பேனா, உங்களைத்தான்) டெஸ்ட்டுக்கு முன் சில நாள் நிறுத்துங்கள், பல லேப் முறைகளில் எண்களையே அது புரட்டிப்போடும். அயோடின் குறைவாக இருக்கும் என்று நீங்களே முடிவு செய்து துளி மருந்தாக வாங்கிச் சாப்பிடாதீர்கள், இந்த நோயில் அதிகப்படி அயோடின் நிலைமையை மோசமாக்கலாம். கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் ஒரு வருடம் காத்திருக்காமல் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அரைத்தூக்கம் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அவர் சொல்வது அபூர்வமான வேறு வகை. இந்த நோய்க்குப் பெயர் தந்த டாக்டர் ஹாஷிமோட்டோ 1912-ல் நான்கு பெண்களின் சுரப்பியை வெட்டிப் பார்த்து எழுதியபோது அவர் கண்டது திரள் திரளாக வெள்ளை அணுக்களைத்தான். டோனியாக், ராய்ட் என்ற ஆராய்ச்சியாளர்கள் இந்த நோயாளிகளின் ரத்தத்தில் ஆன்டிபாடியைக் கண்டுபிடித்ததே 1956-ல். அதனால் அந்த எண்ணைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

இரண்டாம்பக்கம்:
பழையசீட்டு அக்கா, டிபிஓ ஆன்டிபாடியும் சும்மா நிற்பதில்லை. காம்ப்ளிமென்ட் என்கிற புரதங்களைக் கூப்பிட்டு செல்லைத் தாக்க வைக்கும் திறன் அதற்கு உண்டு. முக்கிய அடி அதுவல்ல என்பதுதான் சரி, அடியே இல்லை என்பது தப்பு.

ஆனாலும் எண்ணைக் கட்டிக்கொண்டு அழுதவன் நான்தான். ஒரு வருடம் செலினியம் சாப்பிட்டேன். ஆன்டி-டிபிஓ 900-லிருந்து 410. லேப் வாசலில் நின்று மனைவிக்குப் போட்டோ அனுப்பினேன், கைதட்டும் படமெல்லாம் வந்தது. அப்புறம்தான் ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன். டிஎஸ்ஹெச் 6-லிருந்து 11. அந்தத் தாள் இன்னும் என் மேஜையில் இருக்கிறது.

நீலப்பேனா கேட்டதற்கு யாருமே பதில் சொல்லவில்லையே? இங்கிலாந்தில் விக்காம் என்ற இடத்தில் ஒரே ஆட்களை 20 வருடம் கழித்துத் திரும்பப் பார்த்தார்கள். ஆன்டிபாடி மட்டும் இருந்த பெண்களில் வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டு பேர்தான் முழுத் தைராய்டு குறைவுக்குப் போனார்கள். டிஎஸ்ஹெச்சும் ஏறியிருந்தால் நான்கு பேருக்குச் சற்று மேல். சத்தத்தை வைத்து அடியை அளக்க முடியாது. அதனால்தான் உங்கள் டாக்டர் மேலே வட்டம் போட்டார்.

ஒருவரி:
எனக்கு ஆன்டிபாடியே இல்லை. நெகட்டிவ். ஸ்கேனில் சுரப்பி கருத்துத் திட்டுத் திட்டாக இருந்தது, டிஎஸ்ஹெச் 19. இப்படியும் சிலருக்கு உண்டு.

நீலப்பேனா:
இரண்டாம்பக்கம் சார், நன்றி. பயோட்டின் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன் அக்கா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? நிறுத்திவிட்டு மறுபடி எடுக்கிறேன். அரைத்தூக்கம், பாப்பா இப்போது எப்படி இருக்கிறாள்?

அரைத்தூக்கம்:
என்னிடமிருந்து போன ஆன்டிபாடி சில மாதங்களில் கரைந்துவிட்டது. டோஸைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தினார்கள். ஆறு வாரம் கழித்து எடுத்ததில் டிஎஸ்ஹெச் 2.1. இப்போது அவளைத் தூங்க வைப்பதுதான் பெரிய பாடு. எனக்கு அதே 100 மைக்ரோகிராம்.