அப்பச்சியின் இரட்டைக்குழல் துப்பாக்கி: விவரம் அறிந்தவர்களின் உதவி தேவை

குழுவிலுள்ள பெரியவர்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம். கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு இரண்டாம் கட்டுப் பெட்டகத்தில் இருந்த, மடக்கித் திறக்கும் 12 போர் (bore, குழலின் உள்விட்ட அளவு) துப்பாக்கியை, அப்பச்சி காலமானபின் உரிமம் பெற்ற கடையில் ஒப்படைத்திருக்கிறோம். குழல்களின் மேல் இரும்பும் எஃகும் முறுக்கிய வரிகள், பட்டுச்சேலைக் கரைபோல் அலையலையாகத் தெரிகின்றன; அடியில், குழல் வெடியழுத்தத்தைத் தாங்குமா என்று சோதித்ததற்கு அடையாளமான பர்மிங்காம் சோதனை முத்திரை இருக்கிறது.

உறவினர் ஒருவர், குழலுக்குள் உறை செருகி ரைஃபிள் தோட்டா சுடும்படி மாற்றிவிடலாம் என்று வற்புறுத்துகிறார். எனக்கு இதில் சிறிதும் உடன்பாடில்லை. இன்றைய .308 போன்ற ரைஃபிள் தோட்டாவின் அழுத்தம் 12 போர் தோட்டாவினுடையதைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. கருமருந்து என்ற பழைய வெடிமருந்துக் காலத்து முறுக்குக் குழலும் அதன் பூட்டும் அதைத் தாங்கா, வெடித்தால் சுடுபவரின் கையும் கண்ணும் போய்விடும். மேலும், 1959 ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, 2019 திருத்தத்திற்குப் பின், உரிமமின்றி ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதையும் தடைசெய்கிறது.

நான் கேட்பது இதுதான்: வாரிசு உரிமத்திற்குச் சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்தில் அண்மையில் விண்ணப்பித்தவர்கள், என்னென்ன சான்றுகள் கேட்டார்கள் என்று சொல்ல முடியுமா? முறைப்படி செயலிழக்கச் செய்து, குடும்ப நினைவாக முகப்பில் வைத்திருப்பவர்கள் யாரேனும் இருந்தால், எந்த அலுவலரை அணுகினீர்கள் என்பதையும் தயவுசெய்து தெரிவியுங்கள்.