நத்தார் வான்கோழியைப் பண்ணை ஏலத்தில் வாங்கலாமா?

லெஸ்டர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இந்த நத்தாருக்கு அண்ணன் குடும்பமும் மாமி வீட்டாரும் எங்களிடம் வருவதால் மேசையில் பன்னிரண்டு பேர் இருப்போம். இதுவரை சூப்பர்மார்க்கெட்டில் உறைந்த வான்கோழியையே வாங்கி வந்தேன். இங்கே இங்கிலாந்தில், மெல்ட்டன் மௌப்ரே என்ற ஊரின் கால்நடைச் சந்தையில் டிசம்பரில் நத்தார்ப் பறவைகளை ஏலம் விடுகிறார்கள் என்றும், வியாபாரிகள் மட்டுமன்றி வீட்டுத் தேவைக்கு வாங்குபவர்களும் கேட்கலாம் என்றும் வேலையிடத்து நண்பர் ஒருவர் சொன்னார். எனக்குத் தெரிந்த ஏலம், சிறு வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்துப் பாசையூரில் பார்த்த மீன் ஏலம் மட்டுமே. எத்தனை கிலோ வாங்க வேண்டும், எதைப் பார்த்து வாங்க வேண்டும், உண்மையிலேயே மலிவாகக் கிடைக்குமா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஏலத்தில் இருபது வருடம் எழுதியது:

தம்பி, மலிவு என்ற எண்ணத்தோடு போனால் ஏமாற்றமே மிஞ்சும்; நல்ல பறவையைக் கண்ணால் பார்த்து, தொட்டுத் தெரிந்து வாங்கும் வாய்ப்புக்காகப் போவதென்றால் போகலாம். ஏலம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பாகவே சென்று, அலுவலகத்தில் பெயரையும் முகவரியையும் பதிந்து இலக்க அட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பறவைகளை அடுக்கியிருக்கும் மேசைகளைச் சுற்றி வந்து, பிடித்தவற்றின் இலக்கத்தையும் எடையையும் ஒரு தாளில் குறித்து, ஒவ்வொன்றுக்கும் நீங்கள் கொடுக்கக்கூடிய உச்ச விலையை அப்போதே எழுதிவிடுங்கள். ஏலக்காரர் ஒரு பறவைக்குச் செலவிடும் நேரம் சில வினாடிகள்தான். கூப்பிடத் தொடங்கிய பிறகு கணக்குப் போட முடியாது.

மிக முக்கியமாக, அங்கே இரண்டு வகையான பறவைகள் இருக்கும். ஒன்று, குடல் நீக்கி, தலையும் காலும் வெட்டி, அடுப்பில் வைக்கத் தயாராக இருப்பது. மற்றது, இறகு மட்டும் பிடுங்கி, தலையும் காலும் குடலும் அப்படியே இருக்க, குளிரறையில் சில நாள் தொங்கவிடப்பட்டது. இதை நியூயார்க் டிரெஸ்டு என்பார்கள். சுவை ஏறுவதற்காகவே அப்படித் தொங்கவிடுகிறார்கள். ஆனால் குடலை நீக்கும்போது வான்கோழியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும், கூஸ் எனப்படும் பெருவாத்தில் அதைவிடக் கூடுதலாகவும் கழிந்துவிடும். முதல் வருடம் இது தெரியாமல் நான் எட்டுக் கிலோ பறவையை வாங்கி வந்து, சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து, காலின் நரம்புகளை இழுக்கத் தெரியாமல் நள்ளிரவு வரை மல்லுக்கட்டினேன். மனைவி அந்த இரவைப் பற்றி இன்னும் பேசுகிறார்.

கேட்கும் விலை பறவைக்கா, கிலோவுக்கா, பவுண்டு எடைக்கா என்பதையும் முன்னரே விசாரியுங்கள். சந்தைக்குச் சந்தை வழக்கம் மாறும். பவுண்டு எடைக்கு 3 ஸ்டெர்லிங் என்பது கிலோவுக்கு ஏறத்தாழ 6.60 ஆகிவிடும். இதற்கு மேல் வாங்குபவர் கட்டணம் என்று ஒன்றைச் சில இடங்களில் சேர்ப்பார்கள்.

பறவையின் தோல் கிழியாமலும், நெஞ்சில் நீலம் பாய்ந்த அடையாளம் இல்லாமலும் இருக்க வேண்டும். காலோடு இருந்தால் பாதம் வழுவழுப்பாக இருப்பதும், நெஞ்செலும்பின் நுனி விரலுக்கு வளைந்துகொடுப்பதும் இளம் பறவையின் அடையாளம். கறுப்பு இறகுள்ள நோர்ஃபோக் பிளாக், வெண்கல நிற புரோன்ஸ் (Bronze) ஆகிய வான்கோழி வகைகளில் தோலுக்குள் கறுப்பு முளையிறகுகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். அது அழுக்கன்று, சிறு குறட்டால் பிடுங்கினால் போதும். பன்னிரண்டு பேருக்குக் குடல் நீக்கிய ஆறு கிலோ தாராளம். பத்துக் கிலோவுக்கு மேற்பட்டவை கிலோக் கணக்கில் இறங்கிப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன், ஆனால் ஆசைப்படுவதற்கு முன் வீட்டு அடுப்பின் உள்ளளவை அளந்துகொண்டு போங்கள்.

குசினிக்காரி எழுதியது:

அண்ணா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மஞ்சளும் உப்பும் போட்டுக் கழுவும் நம்முடைய வழக்கத்தை இந்தப் பறவையில் காட்ட வேண்டாம்; தண்ணீர் தெறிக்கும்போது கம்பைலோபக்டர் கிருமி தொட்டியிலும் பக்கத்துப் பாத்திரங்களிலும் பரவும் என்பதால், இந்நாட்டு உணவுத் தர நிறுவனம் கோழியினத்தைக் கழுவவே கூடாது என்கிறது. காரில் குளிர்ப்பெட்டியும் பனிக்கட்டிப் பொதிகளும் கொண்டுபோங்கள், குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டை முதல் நாளே காலி செய்யுங்கள். தொடையின் தடித்த இடத்தில் வெப்பமானி 70 பாகையை இரண்டு நிமிடம் காட்ட வேண்டும்.

வடக்கு லண்டன் வாசகன் எழுதியது:

நான் சற்று மாறுபடுகிறேன். பன்னிரண்டு பேர் காத்திருக்கும் வருடத்தில் ஏலத்தை நம்பியிருப்பது சரியாகத் தோன்றவில்லை. ஏலத்தில் நினைத்த எடை கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பினால், கடைசி வாரத்தில் இறைச்சிக்கடையில் முன்பதிவு முடிந்திருக்கும். கடையில் ஒன்றைச் சொல்லிவைத்துவிட்டு ஏலத்துக்கு வேடிக்கை பார்க்கப் போவதே மேல். உறையவைத்துப் பின்னர் உருக்கியதா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 2022இல் பறவைக் காய்ச்சல் கடுமையாக இருந்தபோது, முன்கூட்டியே அறுத்து உறையவைத்தவற்றை உருக்கி விற்க நவம்பர் 28 முதல் டிசம்பர் 31 வரை இங்கிலாந்தில் அனுமதித்தார்கள். உருக்கியதை வீட்டில் மீண்டும் பச்சையாக உறையவைக்கக் கூடாது.

லெஸ்டர்வாசி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அடுப்பை அளந்தேன், ஏழு கிலோவுக்கு மேல் கதவு மூடாது. வான்கோழியைத் தெரு முனையிலுள்ள இறைச்சிக்கடையில் சொல்லிவைத்துவிட்டேன். ஆனாலும் ஏலத்துக்குப் போக மனம் இழுக்கிறது. ஒரு சிறிய பெருவாத்தைக் கேட்டுப் பார்ப்பது தவறாகுமா?

ஏலத்தில் இருபது வருடம் எழுதியது:

தாராளமாகக் கேளுங்கள், ஆனால் ஐந்து கிலோப் பெருவாத்து ஆறேழு பேருக்குத்தான் போதும் என்பதால் அதைத் துணைக்கு மட்டும் வையுங்கள். எலும்பும் கொழுப்பும் அதிகம். வாட்டும்போது இறங்கும் கொழுப்பை வடித்துச் சாடியில் எடுத்து வைத்தால் உருளைக்கிழங்கு வறுக்கப் பல வாரம் வரும். குடல் நீக்கியதாகவே பார்த்து வாங்குங்கள்.