கண்காணியா, பேராயரா? பட்டப்பெயர்களின் பழம்பொருள் குறித்து

கோத்தகிரிவாசி:
எங்கள் சபையின் ஆண்டு விழா அழைப்பிதழில் பேராயரின் பெயருக்கு முன்னால் மூன்று வரிகளுக்கு அடைமொழிகள் அச்சாகியிருந்தன. அதைப் பார்த்தபோது எழுந்த கேள்வியை இங்கே வைக்கிறேன். 'பிஷப்' என்ற சொல்லுக்கு மூலம் 'எபிஸ்கோபோஸ்' என்ற கிரேக்கச் சொல். மேற்பார்வை செய்பவர் என்பதே அதன் பொருள். நம் பழைய தமிழ் வேதாகமம் அதைக் 'கண்காணி' என்றே பெயர்த்திருக்கிறது. பிலிப்பியருக்கு எழுதிய நிருபம் கண்காணிகளையும் உதவிக்காரரையும் விளித்தே தொடங்குகிறது. அந்த உதவிக்காரர்தான் இன்றைய 'டீக்கன்'. கிரேக்கத்தில் பந்தியில் பரிமாறுபவருக்கும் அதே சொல்தான். 'பிரீஸ்ட்' என்பதற்கு மூலமான சொல்லின் பொருள் வெறும் 'மூப்பர்'. அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரத்தில் பவுல் எபேசுவின் மூப்பர்களை வரவழைத்து, அதே ஆட்களைக் கண்காணிகள் என்றும், மந்தையை மேய்க்க வேண்டியவர்கள் என்றும் சொல்கிறார். வேலைக்கு இட்ட பெயர்கள் பிற்காலத்தில் அந்தஸ்தின் பெயர்களாகிவிட்டன என்பதே என் வாதம்.

குன்னூர் தமிழாசிரியை:
தாங்கள் சொன்ன மூலங்களை மறுக்கவில்லை. அவற்றிலிருந்து தாங்கள் எடுக்கும் முடிவைத்தான் மறுக்கிறேன். சிலப்பதிகாரத்தில் கண்ணகி நீதி கேட்டு நுழையும் 'கோயில்' பாண்டியனின் அரண்மனை. திருக்குறளின் 733ஆம் பாட்டில் 'இறைவற்கு இறையொருங்கு நேர்வது நாடு' என்று வருமிடத்தில் இறைவன் அரசன், இறை அவனுக்குச் செலுத்தும் வரி. அதே நூலின் 10ஆம் குறளில் 'இறைவன் அடிசேரா தார்' என்றால் கடவுள். ஒரே நூலுக்குள் இரண்டு பொருளும் அருகருகே வாழும்போது, முந்தையதுதான் மெய்யான பொருள் என்று எந்த அளவுகோலைக் கொண்டு தீர்மானிப்பது? வழக்கில் உள்ள பொருளே சொல்லின் பொருள். சந்நிதியில் நின்று 'இறைவா' என்பவர் யாரும் வரி கட்ட வந்தவர் அல்லர்.

கூடலூர் தோட்டத்தான்:
இருவரும் ஏட்டை வைத்தே பேசுகிறீர்கள். என் பெற்றோர் 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பி இங்கே தேயிலைத் தோட்டத்தில் குடியேறியவர்கள். எங்கள் வீட்டில் 'கண்காணி'யின் பேச்சு வடிவமான 'கங்காணி' என்ற சொல் காதில் விழுந்தால் யாருக்கும் வேதாகமம் நினைவுக்கு வராது. ஆள் பிடித்துக் கப்பலேற்றி, ஆளொன்றுக்குத் தலைக்காசு வாங்கி, முன்பணக் கடனில் குடும்பங்களைக் கட்டிவைத்தவனே எங்களுக்குக் கங்காணி. கடன் விவரம் எழுதிய 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாதிருந்தது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. சொல்லின் ஆதிப்பொருள் எவ்வளவு தூயதாக இருந்தாலும், இடையில் அது யார் கையில் இருந்தது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். தங்கள் அழைப்பிதழில் அந்தச் சொல்லைப் போட்டால் எங்கள் லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) ஒருவரும் வர மாட்டோம்.

கோத்தகிரிவாசி:
கூடலூர் நண்பர் சொன்னது எனக்கு உறைத்தது. அந்தச் சொல்லை வற்புறுத்த மாட்டேன். பொருளை மட்டும் விட மனமில்லை. நம் மலையிலேயே சான்று இருக்கிறது. நீலகிரிப் பழங்குடியினரான தொதவர்களின் ஆலயம் ஒரு பால்மனை. அதன் பூசகர் எருமை கறந்து, பால் கடையும் ஆள். அவர்களில் மிக உயர்ந்த தரத்துப் பூசகருக்குரிய 'பாலோள்' என்ற பட்டத்துக்குப் பால்காரர் என்பதற்கு மேல் வேறு பொருள் இல்லை. அங்கே பட்டமும் வேலையும் பிரியவில்லை.

குன்னூர் தமிழாசிரியை:
அந்தச் சான்று தங்களுக்கு எதிராகவே திரும்புகிறது. பாலோள் மற்றவர்களைப் போன்ற பால்காரர் அல்லர். மரபுப்படி அவர் மனைவியைப் பிரிந்து ஊருக்கு வெளியே வாழ வேண்டியிருந்தது. சாதாரண மக்கள் அவரைத் தொடவும் கூடாதிருந்தது. பெயர் எளியதாக இருந்தும் அதைச் சுற்றியிருந்த விலக்குகள் அரசருக்குரியவற்றினும் கடுமையானவை. ஆகவே எளிய பெயர் எளிமையைக் காக்கும் என்று நம்ப இடமில்லை. மற்றொன்று: 'ஆயர்' என்பதும் 'ஆ' மேய்ப்பவரைக் குறித்த முல்லை நிலத்துச் சொல். தாங்கள் தேடும் வேலைப் பெயர் 'பேராயர்' என்ற பட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

கோத்தகிரிவாசி:
பாலோள் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். 'பேராயர்' இருக்கட்டும், அதற்கு முன்னால் நிற்கும் மூன்று வரிகளுக்கு ஆசிரியை அவர்கள் எந்த நூலில் ஆதாரம் காட்டுவார்கள்?

குன்னூர் தமிழாசிரியை:
அவற்றுக்கு நான் எப்போது வாதாடினேன்?