ஊசி, குழாய் எதுவும் இல்லாமல் அல்ட்ராசவுண்டால் பிரஷரைக் குறைக்க முடியுமா?

செங்கோட்டைக்காரி:
அப்பாவுக்கு 61 வயது. டெல்மிசார்டன், அம்லோடிபைன், குளோர்தாலிடோன் என்ற மூன்று பிரஷர் மருந்துகளும் முழு டோஸில் ஓடுகின்றன. அப்படியும் காலையில் வீட்டில் பார்த்தால் 160-க்குக் கீழே இறங்குவதில்லை. தம்பி ஒரு வீடியோ அனுப்பினான். ஆளைப் படுக்க வைத்து, உடம்புக்கு வெளியிலிருந்தே அல்ட்ராசவுண்டைக் குவித்து சிறுநீரக நரம்பைப் பொசுக்குகிறார்களாம். "ஊசியே கிடையாதாமே" என்று அப்பா கிளம்பத் தயாராக இருக்கிறார். இது எங்கே செய்கிறார்கள்?

கேத்லேப்_தம்பி:
அக்கா, நான் கேத் லேப் (ரத்தக்குழாய்க்குள் குழாய் விட்டு சிகிச்சை செய்யும் இடம்) டெக்னீஷியன், டாக்டர் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

நரம்பை அடக்கினால் பிரஷர் இறங்கும் என்பது உண்மைதான். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாயைச் சுற்றி ஓடும் சிம்பதெட்டிக் நரம்புகள்தான் உப்பைத் தேக்கி வைக்கவும் பிரஷரை ஏற்றவைக்கும் ரெனினைச் சுரக்கவும் சிறுநீரகத்தை விரட்டுகின்றன.

ஆனால் வெளியிலிருந்து குவிக்கும் கதை வேறு. கோனா மெடிக்கல் என்ற அமெரிக்க நிறுவனம் அதை முயன்றது. ஆரம்பத்தில் செய்த சின்ன ஆய்வுகளில் பிரஷர் நன்றாகவே இறங்கியது. ஒப்பிட்டுப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அப்புறம் வேவ்-4 என்ற ஆய்வில் ஒரு பிரிவினருக்குப் பேருக்கு மட்டும் சிகிச்சை செய்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அவர்களுக்கும் பிரஷர் இறங்கிவிட்டது! சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை என்று பாதியிலேயே நிறுத்தினார்கள். 2018-ல் முடிவு வெளியானது. இதைத்தான் வீடியோக்காரர்கள் சொல்வதில்லை.

2023 நவம்பரில் அமெரிக்க மருந்து, கருவி அனுமதி அமைப்பான எஃப்டிஏ அனுமதித்தது தொடை ரத்தக்குழாய் வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டுச் செய்வதை. பாரடைஸ் என்ற கருவியில் அல்ட்ராசவுண்ட் ரத்தக்குழாயின் உள்ளேயிருந்து வரும். சுற்றியிருக்கும் பலூனில் தண்ணீர் ஓடி, ரத்தக்குழாயின் உள்சுவர் வேகாமல் பார்த்துக்கொள்ளும். அப்பா மாதிரி மூன்று மருந்துக்கும் மசியாதவர்களிடம் செய்த ஆய்வில், போலி சிகிச்சையைவிடக் கூடுதலாக இறங்கியது சுமார் 4.5 புள்ளிதான். 160-ஐ 120 ஆக்கும் மந்திரம் எதுவும் இல்லை.

பழைய_வாத்தியார்:
அம்மா, அல்டோஸ்டிரோன்-ரெனின் பரிசோதனை எடுத்தாயிற்றா? அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன் அதிகமாகி பிரஷரை ஏற்றுகிறதா என்று பார்ப்பது அது. என் மச்சானும் இப்படித்தான் மாத்திரைமேல் மாத்திரையாக விழுங்கிக்கொண்டிருந்தார். கடைசியில் அட்ரினல் சுரப்பியில் சின்னக் கட்டி. பொட்டாசியம் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள், அவருக்கும் சரியாகத்தான் இருந்தது. தூக்கத்தில் மூச்சு தடைபட்டாலும் பிரஷர் ஏறும், அதனால் குறட்டை விடுகிறாரா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேத்லேப்_தம்பி:
ஐயா சொல்வதுதான் முதல் வேலை. நாலாவது மருந்தாக ஸ்பைரோனோலாக்டோன் பற்றியும் கேளுங்கள். 2015-ல் வந்த பாத்வே-2 ஆய்வில் நாலாவதாகச் சேர்த்துப் பார்த்த மருந்துகளில் அதுதான் முந்தியது. பொட்டாசியம் ஏறலாம், ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொண்டேதான் கொடுப்பார்கள். வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா?

செங்கோட்டைக்காரி:
முட்டிவலிக்கு மெடிக்கலில் சொல்லி வாங்குவார். இப்போது அட்டையைப் பார்த்தேன், அசிக்ளோஃபெனாக் என்று போட்டிருக்கிறது.

கேத்லேப்_தம்பி:
அந்த அட்டையையே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள் அக்கா. அந்த வகை மாத்திரை பிரஷரை ஏற்றும், டெல்மிசார்டனோடும் குளோர்தாலிடோனோடும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் ஆகாது.