சாலை போய்ச் சேராத ஊர்: இன்வெரி அனுபவங்கள்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ஆஸ்பத்திரி வேலைக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. போன அக்டோபரில் ஆறு நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தது. கூட வேலை பார்க்கும் ஒருவர், “கார் போகாத ஊர் ஒன்று இருக்கிறது, போய்விட்டு வா” என்றார். தீவா என்று கேட்டேன். தீவு இல்லையாம். பிரிட்டன் பெருநிலத்திலேயேதான் இருக்கிறது, ஆனால் வெளியிலிருந்து எந்தச் சாலையும் அங்கே போகாது. படகில் போகவேண்டும், இல்லாவிட்டால் மலை ஏறி இறங்கி நடக்கவேண்டும். இன்வெரி என்ற பெயரை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன்.

கிளாஸ்கோ குயின் ஸ்ட்ரீட்டிலிருந்து மாலெய்க் துறைமுகத்துக்கு ரயிலில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தப் பாதையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ரானக் சதுப்பு வெளியில் சுள்ளிக்கட்டுகளைப் பரப்பி, அதன்மேல் மண்ணும் சாம்பலும் கொட்டித் தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். சரி, அது இன்னொரு நாளைக்கு.

மாலெய்க்கில் சின்னப் படகு. மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே புகுந்து கிடக்கும் இடங்களை அங்கே ‘லாக்’ என்கிறார்கள்; இது லாக் நெவிஸ். படகில் பத்துப் பன்னிரண்டு பேர்தான். பாதி இடத்தைச் சாமான் அடைத்திருந்தது. கேஸ் சிலிண்டர், அட்டைப்பெட்டிகள், ஒரு கதவு, மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு. கரையில் படகுத்துறைப் பாலத்தை ஒட்டிப் படகு நின்றதும், யாரும் சொல்லாமலே எல்லோரும் வரிசையாக நின்று சாமானைக் கைமாற்ற ஆரம்பித்தார்கள். எனக்கு முன்னால் நின்ற அம்மா ஒரு மூட்டையைத் திருப்பி என் கையில் வைத்துவிட்டார். நான் விருந்தாளி, ஊருக்குப் புதுசு என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் வரவேற்பு அதுதான். இப்போது நினைத்தாலும் மனசு நிறைகிறது.

ஊர் என்றால் கடலைப் பார்த்தபடி ஒரே வரிசையில் வெள்ளை வீடுகள். ஒரு கடை, ஒரு தேநீர்க்கடை, ஒரு சின்னப் பள்ளிக்கூடம், ஒரு மதுக்கடை. ஊர் இருக்கும் நொய்டார்ட் தீபகற்பம் முழுக்கச் சேர்த்தாலும் நூற்றுச் சொச்சம் பேர்தான். ஏர்ரர் என்ற இடம் வரை ஒரு சாலை ஓடுகிறது. அங்கே போனதும் முடிந்துவிடுகிறது. தேசிய மின்கம்பி வரவில்லை. மலைமேல் இருக்கும் ஏரித் தண்ணீரைக் குழாயில் இறக்கித் தாங்களே மின்சாரம் எடுத்துக்கொள்கிறார்கள்.

முதல் ராத்திரி தூங்கவே இல்லை. மலைப்பக்கமிருந்து ஒரு சத்தம். மாடு வலியில் அடித்தொண்டையில் கத்துவது போல, ஆனால் நீளமாக, ஒன்று நிறுத்தினால் எதிர்ப்பக்கமிருந்து இன்னொன்று. காலையில் வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். செம்மான் கிடாக்களாம். அக்டோபர் அவற்றின் இணைசேரும் காலம், பெண்மான்களுக்காக ஒன்றையொன்று மிரட்டிக்கொண்டே இருக்கும் என்றார். “ஓநாய் இருந்த காலத்தில் இத்தனை மான் இல்லை. இப்போது நாங்கள்தான் சுட்டுக் குறைக்கவேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் ஒரு மரக்கன்றுகூடத் தலையெடுக்காது” என்று சொல்லிக்கொண்டே ரொட்டியை வைத்தார். வேலிபோட்டு அடைத்த இடங்களில் மட்டும் பிர்ச் மரங்களும் ரோவன் மரங்களும் கூட்டமாக எழும்பியிருப்பதை அதற்கப்புறம்தான் கவனித்தேன்.

மூன்றாம் நாள் கடலோரமாக நடந்தேன். வானம் வெளுத்திருந்தது. எதிரே லார்வென் உச்சி, 1,020 மீட்டர். ஒரு மனிதர்கூடக் கண்ணில் படவில்லை. மனிதக் கால் படாத இயற்கை என்று வீட்டுக்கு வீடியோ எடுத்துப் பேசிக்கொண்டே போனேன். சரிவில் ஓரிடத்தில் புல்லுக்கு அடியில் நிலம் வரிவரியாக, வரப்பும் வாய்க்காலுமாக ஏறி இறங்கியது. பக்கத்தில் வேலிக்கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம், இது எப்படித் தானாக இப்படி அமைந்தது என்று கேட்டேன்.

அவர் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். “தானாக இல்லை. உருளைக்கிழங்குப் பாத்தி. கடற்பாசியைச் சுமந்துவந்து போட்டு உயர்த்தியது” என்றார். அப்புறம் என்னை நாலு எட்டு கூட்டிப்போய்ப் புதருக்குள் கையால் விலக்கிக் காட்டினார். முழங்கால் உயரத்துக்குக் கல்சுவர். ஓரிடத்தில் வாசல்படி மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

1840-களில் கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தது. குத்தகை பாக்கி ஏறியது. ஆடு மேய்ப்பவர்களுக்கு நிலத்தை விட்டால் அதிக வருமானம். 1853-இல் நிலவுடைமைக் குடும்பம் 300-க்கும் மேற்பட்டவர்களை ‘சிலரி’ என்ற கப்பலில் ஏற்றிக் கனடாவுக்கு அனுப்பியது. போக மறுத்து ஒளிந்துகொண்டவர்கள் திரும்பக் குடியேறாதபடி வீடுகளை இடித்தார்கள். பெரியவர் இதையெல்லாம் சத்தம் உயர்த்தாமல், நேற்று பக்கத்து வீட்டில் நடந்தது போலச் சொன்னார். அந்த வீடியோவை நான் அங்கேயே அழித்தேன்.

ஊருக்குள் ஒரு கற்குவியல் நினைவுச்சின்னம் இருக்கிறது. 1948-இல் ஏழு பேர் இங்கே நிலத்தில் முளையடித்துத் தங்களுக்கென்று எல்லை குறித்தார்கள். போரிலிருந்து திரும்பியவர்களுக்கு நிலம் தரும் சட்டத்தை நம்பினார்கள். அப்போதைய உரிமையாளர் பிராக்கெட் பிரபு, 1939-இல் ஹிட்லரின் 50-ஆம் பிறந்தநாளுக்குப் போய்வந்தவர். அவர் நீதிமன்றத்துக்குப் போனார். ஏழு பேரும் தோற்றார்கள். 1999-இல் ஊர்மக்கள் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து சுமார் 17,000 ஏக்கரை வாங்கி, நொய்டார்ட் அறக்கட்டளையின் கையில் வைத்தார்கள். 2022-இல் அந்த மதுக்கடையையும் பங்கு திரட்டி ஊரே வாங்கிக்கொண்டது. கடைசி ராத்திரி அங்கே ஒருவர் பிடில் வாசித்தார். நான் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பார்த்த வேலிக்காரப் பெரியவர் என்னைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

* * *

தம்பி, நீங்கள் எழுதியதை வாசித்தேன். நீங்கள் படகில் போயிருக்கிறீர்கள். நான் 2019 ஜூன் கடைசியில், சாலை முடிகிற கின்லாக் ஹோர்னிலிருந்து இன்வெரிக்கு நடந்து போனேன், இரண்டு நாள். அதனால் இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலாவது மிட்ஜ். கொசுவில் கால்வாசிகூட இல்லாத பூச்சி. ஒன்று கடித்தால் ஒன்றுமில்லை, அது ஒன்றாக வராது. காற்று அடித்தால் பறக்காது, காற்று நின்றால் புகை போலச் சூழ்ந்துகொள்ளும். கூடாரத்துக்கு வெளியே சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தேன், மிளகுத்தூள் தூவியது போல மேலே படிந்துவிட்டது. மே முதல் செப்டம்பர் வரை போகிறவர்கள் முகவலை இல்லாமல் போகவேண்டாம். நடந்து முடித்ததும் முழங்காலுக்குப் பின்னால் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அதனால் லைம் நோய் வரும்.

இரண்டாவது ஓடை. பாரிஸ்டேல் தாண்டி ஒரு ஓடை, காலையில் கணுக்கால் அளவுதான் இருந்திருக்கும். மழை பிடித்து இரண்டு மணி நேரத்தில் இடுப்பளவு ஓடியது, நிறமும் டீத்தண்ணி போல. நான் செருப்பைக் கழற்றிக்கொண்டு இறங்கப் போனேன். அக்கரையிலிருந்த மான்வேட்டைக்காரர் ஒருவர் இரண்டு கையையும் ஆட்டி வேண்டாம் என்று தடுத்தார். பேச்சு கேட்காத இரைச்சல். கைக்கடிகாரத்தைக் காட்டி, உட்காரச் சொல்லிச் சைகை செய்தார். அவரும் போகவில்லை. மழையிலேயே எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டார். மழை விட்டு, தண்ணீர் வடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நான் அக்கரை சேர்ந்ததும் தலையை ஆட்டிவிட்டு அவர் பாட்டுக்கு மலை ஏறிப் போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை. அங்கே ஏறும் வேகத்தில் ஓடை இறங்கவும் செய்யும், காத்திருந்தால் போதும் என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஏழு வயதில் பாலாற்றில் வெறும் மணலைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

* * *

அண்ணா, கப்பலில் ஏற்றி அனுப்பிய கதையை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் இலங்கை மலையகம், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் வட்டாரத்துத் தோட்டப் பெயர்கள் ஹோலிரூட், எடின்பரோ, பால்மோரல். ஸ்கொட்லாந்துத் துரைமார் வைத்த பெயர்கள். எங்கள் ஆட்கள் அதோடு தமிழிலும் ஒரு பெயர் வைத்துத்தான் கூப்பிடுவார்கள்.

போன கோடையில் இன்வெரி போய் அந்தக் கற்குவியலுக்கு முன்னால் நின்றேன். கேலிக் மொழியிலும் எழுதியிருக்கிறது. பக்கத்தில் தோட்ட வேலை செய்துகொண்டிருந்த ஒரு பிள்ளை, இருபது வயது இருக்கும், இந்த நிலம் இப்போது நம்முடையது என்று சொன்னாள். ‘நம்முடையது’ என்ற சொல்லை அவள் அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். என் தாத்தா லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, பின்னால் ஒரு துண்டு மண்ணில் நாற்பது வருடம் மரக்கறி போட்டார். அதற்கு ஒரு காணி உறுதிப் பத்திரம் கையில் வராமலே போய்ச் சேர்ந்தார். அவளிடம் இதைச் சொன்னேன். அவள் மண்வெட்டியை வைத்துவிட்டு, தாத்தா என்னென்ன போட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். லீக்ஸ், கரட், கோவா (முட்டைக்கோஸ்), கிழங்கு என்று சொன்னேன்.

அந்தச் சரிவில் இருக்கும் வரிவரியான நிலத்தை நானும் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். எங்கே எடுத்தது, என்ன என்று ஒன்றும் எழுதவில்லை. கொஞ்ச நேரத்தில் அம்மாவின் குரல் வந்தது: “யாரு புள்ள இந்தக் கெழங்குப் பாத்திய இப்புடிப் புல்லு மூட விட்டது?”